மணிக்கட்டில் ஒரு படிகம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

பழைய கைக்கடிகாரங்களைச் சேர்ப்பவன் நான் என்று சொன்னால், கேட்பவர் உடனே, "சாவி கொடுக்கிற வாட்சா? எச்.எம்.டி. ஜனதாவா?" என்று ஆவலோடு விசாரிக்கிறார். "இல்லை, குவார்ட்ஸ், செல் போடுகிற வாட்ச்" என்று நான் சொன்னதும் அவர் முகம் சப்பென்று ஆகிவிடுகிறது. செல் தீர்ந்தால் தூக்கிப் போடுகிற சாமானில் சேர்த்து வைக்க என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். வகுப்பு நண்பர்கள் சிலர் எனக்குச் "செல்லு" என்றே பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் விதமாகவும், வீட்டுப் பெட்டியில் இப்படி ஒரு கடிகாரம் உறங்கிக் கொண்டிருக்கும் மற்ற நண்பர்களுக்குப் பயன்படும் விதமாகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன். பிழையிருந்தால் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. என் அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 2002-இல் அவருக்குத் திருமணம் நடந்தபோது, என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, மாப்பிள்ளைக்கு ஒரு குவார்ட்ஸ் கடிகாரம் போட்டார். பொன்முலாம் பூசிய உறை, வெள்ளை டயல், ரோமன் எண்கள். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். பின்னால் நடந்த குற்றம் முழுவதும் எங்களுடையது. மூட்டை தூக்குகிற கைக்கு இது எதற்கு என்று அப்பா அதைக் கட்டியதே இல்லை. மல் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். கல்யாணம், காதுகுத்து, வைகுண்ட ஏகாதசி - இவற்றுக்கு மட்டும் வெளியே வரும். அத்தை மகள் கல்யாணத்துக்காக ஒருமுறை செல் மாற்றியதோடு சரி. பிறகு ஏழெட்டு ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை.

எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு வந்தது. தேர்வுக் கூடத்துக்குள் செல்போன் கூடாது; மணி பார்க்கக் கைக்கடிகாரம் வேண்டும். அப்பா பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, கடிகாரத்தை என் கையில் கொடுத்தார். அது நின்று போயிருந்தது. செல்தானே என்று பெரிய கடை வீதிப் பக்கம் கண்ணாடிப் பெட்டி வைத்து வாட்ச் ரிப்பேர் செய்யும் ஒரு பாயிடம் எடுத்துப் போனேன். அவர் கத்தியை வைத்துப் பின்மூடியை நெம்பினார். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. செல் ஒழுகி, சர்க்யூட்டின் செம்புக் கோடுகளைத் தின்றிருந்தது. பாய் லென்சைக் கண்ணிலிருந்து கழற்றிவிட்டுச் சொன்னார்: "தம்பி, கட்டிக் கெடுத்த வாட்சை விட பூட்டி வச்சுக் கெடுத்த வாட்சுதான் எங்கிட்ட அதிகமா வருது."

தேர்வுக்கு நாள் இல்லை. மலிவான வேறொரு மிஷினை உள்ளே பொருத்தி, முட்களை மாட்டிக் கொடுத்தார். பழைய மிஷினை ஒரு செய்தித்தாள் துண்டில் மடித்து என்னிடமே தந்தார். "வச்சுக்க, ஒரு நாள் இதே மிஷின் கெடச்சா சரி பண்ணலாம்." தேர்வெல்லாம் முடிந்தபின் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். செத்துப் போன அந்த மிஷினின் ஓரத்தில், நெல்லை விடச் சற்றுப் பருமனான ஓர் உலோகக் குழல் பளபளவென்று இருந்தது. அது என்ன என்று தெரிந்துகொள்ளப் புறப்பட்டவன்தான், இன்று இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் மிகையாகாது.

அந்தக் குழலுக்குள் காற்று நீக்கப்பட்ட இடத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. குவார்ட்ஸ் என்பது வேறொன்றுமில்லை. காவிரி மணலில் மின்னுகிறதே, அதே சிலிக்கன் டை ஆக்சைடுதான். கடிகாரத்துக்கு ஆலையில் குறைபாடில்லாமல் வளர்த்த படிகத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதை நம் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் இசைக்கவை வடிவத்தில், ஆனால் சில மில்லிமீட்டர் நீளத்தில் வெட்டியிருக்கிறார்கள். 1880-இல் பிரான்சு நாட்டில் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள், இத்தகைய படிகத்தை அழுத்தினால் அதன் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். (பின்னாளில் மேரி கியூரியை மணந்த அதே பியர்தான்.) இதற்கு நேர்மாறானதும் உண்டு: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் வளையும். மாறி மாறிக் கொடுத்தால் தன் அளவுக்கும் வெட்டுக்கும் உரிய அதிர்வெண்ணில் அது அதிரத் தொடங்கும். 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் இந்த அதிர்வைக் கொண்டு முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை அமைத்தார். கையில் கட்டுவதாவது! அவ்வகைக் கடிகாரங்கள் அலமாரி அளவுக்கு இடத்தை அடைத்துக் கொண்டிருந்தன.

நம் கைக்கடிகாரத்துப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திரமான எண்? இரண்டை இரண்டால் பெருக்கிக் கொண்டே போனால் பதினைந்தாவது அடுக்கில் வருவது 32,768. எனவே உள்ளே இருக்கும் சிறு மின்சுற்று இதைப் பாதியாக்கி, மீண்டும் பாதியாக்கி, இப்படிப் பதினைந்து முறை வகுத்தால் மிச்சம் விநாடிக்கு ஒன்று! அந்த ஒற்றைத் துடிப்பு, தலைமுடியை விட மெல்லிய கம்பி சுற்றிய ஒரு காயிலுக்குள் பாய்கிறது. காயில் ஒரு குட்டிக் காந்தத்தை அரைச்சுற்றுத் திருப்புகிறது. பற்சக்கரங்கள் விநாடி முள்ளை ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தள்ளுகின்றன. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் முள் வழுக்கிக் கொண்டு போவது போலத் தெரியும். குவார்ட்ஸில் அது அடி எடுத்து வைத்து நடக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. நம் துறை ஆய்வுக்கூடத்தில் அலைநோக்கியை இணைத்துப் படிகத்தின் முனையைத் தொட்டோம். கடிகாரம் நின்றுவிட்டது! கெடுத்துவிட்டோம் என்று பதறினோம். அருகில் வந்து பார்த்த எங்கள் ஆசிரியர் சிரித்துவிட்டு, "நீங்கள் தொட்ட கம்பியின் மின்தேக்குத் திறன்கூட அந்தப் படிகத்துக்குப் பெரிய சுமையப்பா, காயிலில் போய்ப் பாருங்கள்" என்றார். காயிலில் தொட்டதும் தெரிந்தது. விநாடிக்கொரு கூர்மையான துடிப்பு. ஒன்று மேலே, அடுத்தது கீழே, மறுபடி மேலே. காந்தத்தை ஒவ்வொரு முறையும் அரைச்சுற்றுத் தள்ள வேண்டுமானால் மின்னோட்டம் திசை மாறித்தானே ஆக வேண்டும்! புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தும் புரியாதது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது.

இந்த விந்தையை முதன்முதலில் கைக்கடிகாரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானின் சீக்கோ நிறுவனத்தார். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் குவார்ட்ஸ் அஸ்ட்ரான் வெளிவந்தது. விலை 4,50,000 யென். அன்றைக்கு அங்கே ஒரு கார் வாங்கும் பணம். அதன் படிகம் விநாடிக்கு 8,192 முறைதான் அதிர்ந்தது (இரண்டின் பதின்மூன்றாம் அடுக்கு). ஆனால் மாதத்துக்கு 5 விநாடிக்கு மேல் பிசகாது என்று உறுதி கொடுத்தார்கள். நல்ல சாவிக் கடிகாரமே நாளுக்குப் பத்துப் பதினைந்து விநாடி பிசகும் காலம் அது. சுவிட்சர்லாந்துக்காரர்களும் தூங்கிவிடவில்லை, 1967-லேயே மாதிரிக் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் செய்திருந்தார்கள். ஆனால் பரம்பரைத் தொழிலை விட்டு இதில் முழுமூச்சாக இறங்கத் தயங்கினார்கள். 1970-இல் அந்நாட்டின் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்தார்கள். 1980-களின் நடுவில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே மிஞ்சினார்கள். 1983-இல் வந்த ஸ்வாட்ச், வெறும் 51 பாகங்களில் செய்த பிளாஸ்டிக் குவார்ட்ஸ் கடிகாரம், அத்தொழிலைத் தூக்கி நிறுத்தியது. சாவிக் கடிகாரத்தின் நாட்டைக் காப்பாற்றியதும் ஒரு குவார்ட்ஸ்தான் என்பதைச் சேகரிப்பாளர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்!

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கேதான் எனக்கு உண்மையான ஈடுபாடு. அரசு நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. "தேசத்துக்கு மணி காட்டுவோர்" என்ற பொருளில் விளம்பரம் செய்துகொண்ட நிறுவனம் அது. ஓய்வு பெறுபவருக்கும் மாப்பிள்ளைக்கும் எச்.எம்.டி. என்பது எழுதாத சட்டமாக இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அவர்கள் குவார்ட்ஸும் செய்தார்கள். ஆனால் சாவிக் கடிகாரத்தை விட்டு மனம் வரவில்லை. அதைத்தானே ஆண்டுக்கணக்கில் நாடு முழுவதும் வரிசையில் நின்று வாங்கியது! ஹைதராபாத்தில் ஆல்வின் நிறுவனம் சீக்கோவோடு சேர்ந்து கடிகாரம் செய்தது. இவற்றுக்கு வெளியே, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா சென்று திரும்பிய நம் ஊர்க்காரர்கள் கையில் கட்டி வந்த "ஃபாரின் வாட்ச்" என்று தனி உலகம். திருச்சியில் அந்தக் கடிகாரங்கள் ஏராளம். பாயின் கண்ணாடிப் பெட்டியில் இன்றும் பாதி அவைதான்.

இந்நிலையில் 1984-இல் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடா நிறுவனமும் கூட்டாக ஒரு கடிகாரக் கம்பெனி தொடங்கின. இடம்: ஓசூர். டாடா இண்டஸ்ட்ரீஸ் என்பதன் முதலெழுத்துகளையும் தமிழ்நாடு என்பதன் முதலெழுத்துகளையும் சேர்த்து அமைந்ததே "டைட்டன்" என்ற பெயர். எத்தனை பேருக்கு இது தெரியும்? எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் நிர்வாக இயக்குநரான செர்க்ஸஸ் தேசாய், இந்தியர் சாவிக் கடிகாரத்தைத்தான் வாங்குவார்கள் என்ற பேச்சைக் கேட்காமல் குவார்ட்ஸ் என்று முடிவு செய்தார். கடிகாரம் செய்யக் கைதேர்ந்த ஆட்கள் அப்போது ஓசூரில் ஏது? நம் மாநிலத்தின் சிற்றூர்ப் பள்ளிகளில் படித்து முடித்த, பதினெட்டு வயதைக்கூட எட்டாத பிள்ளைகள் பலரை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 1987-இல் டைட்டன் கடிகாரங்கள் கடைக்கு வந்தன. எங்கள் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் நானூறு ஆண்டு காத்திருந்து 236 அடிக்கு எழும்பிக் குடமுழுக்குக் கண்டதும் அதே 1987-இல்தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் என் நோட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பழைய டைட்டன் ஒன்றைக் கையில் எடுக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: என்னைப் போலக் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்த ஒரு பையனோ பெண்ணோ இடுக்கியால் இந்தக் காயிலை எடுத்து வைத்திருப்பார். சுவிஸ் மலையடிவாரத்துக் கிழவர் செய்த கடிகாரத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஓசூரில் செய்த கைகளைப் பற்றி எழுத யாரைத் தேடுவது?

எச்.எம்.டி.யின் முடிவு வருத்தமானது. கைக்கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் சாவிக் கடிகாரங்களுக்கு உடனே கிராக்கி ஏறிவிட்டது. குவார்ட்ஸை யாரும் சீந்தவில்லை. என் போன்ற மாணவனுக்கு இது ஒரு வாய்ப்பு. ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் வியாபாரியிடம் ஓடாத குவார்ட்ஸ் ஒன்று இரண்டு சாப்பாட்டு விலைக்குள் கிடைக்கிறது. நாலைந்தில் ஒன்று வெறும் செல் மாற்றினாலே ஓடிவிடும். அந்த முதல் அடி எடுத்து வைக்கிற முள்ளைப் பார்க்கிற மகிழ்ச்சி இருக்கிறதே, அதைச் சொல்லித் தெரிய வைக்க முடியாது.

என்ன பார்த்து வாங்குவது? டயலில் அச்சிட்ட எழுத்தை லென்சு வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தின் விளிம்பு பிசிறடித்திருந்தால் அது மறுபடி அச்சடித்த டயல். சாவிக் கடிகாரங்களில் இந்த மோசடி மிகுதி. குவார்ட்ஸில் இன்னும் அவ்வளவு இல்லை, ஏனெனில் ஏமாற்றும் அளவுக்கு விலை இல்லை! பின்மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பழைய மிஷின்கள் பெரும்பாலும் உலோகத்தால் ஆனவை; திருகாணி போட்டுப் பூட்டியிருக்கும்; பிரித்துச் சரி செய்யலாம். பின்னாளில் வந்தவற்றில் பிளாஸ்டிக் மிகுந்தது. கெட்டால் முழுதாக மாற்ற வேண்டியதுதான். பழையவற்றில் சிலவற்றில் படிகத்துக்கு அருகே சின்னஞ்சிறு திருகாணி ஒன்று இருக்கும். அது மாறும் மின்தேக்கி. அதை மயிரிழை திருப்பினால் கடிகாரம் வேகம் கூடும், குறையும். அதைப் பார்த்தால் நான் விலை பேசுவதை நிறுத்திவிடுவேன். (இந்த இரகசியத்தை வியாபாரி படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

சில மிஷின்களில் ஒன்றிரண்டு சிவப்புக் கல்லும் தெரியும். பற்சக்கரத்தின் அச்சு தேயாமலிருக்க வைக்கும் செயற்கை மாணிக்கம் அது. செயற்கைக் கல் பட்டை தீட்டுவது நம் திருச்சிச் சுற்றுவட்டாரத்தில் குடிசைத் தொழிலாகவே பல காலம் நடந்தது நீங்கள் அறிந்ததே. நகைக்குப் போகும் கல்லும் கடிகாரத்துக்குப் போகும் கல்லும் இரசாயனத்தில் உறவினர்.

எண் காட்டும் டிஜிட்டல் கடிகாரங்களைச் சேர்ப்பவரும் உண்டு. 1989-இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ இன்றும் விற்பனையில் இருக்கிறது என்பது ஆச்சரியம். ஆனால் அவற்றில் திரவப் படிகத் திரை கறுத்துவிட்டால் அதே திரை கிடைப்பது அரிது. அதனால் நான் முள் கடிகாரத்தோடு நின்றுகொண்டேன்.

ஓடாத கடிகாரத்தைச் சோதிக்க நம் ஆய்வுக்கூடத்து மல்ட்டிமீட்டர் போதும். முதலில் செல்: புதிய சில்வர் ஆக்சைடு செல்லில் 1.55 வோல்ட் காட்டும். அடுத்து காயிலின் மின்தடை. ஓரிரண்டு ஆயிரம் ஓம் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது; முடிவிலி காட்டினால் கம்பி அறுந்துவிட்டது, அதைச் சுற்றுவது மனிதக் கையால் ஆகாத காரியம். இரண்டும் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் எண்ணெய் உறைந்து சக்கரம் இறுகியிருக்கும். அதைப் பாயிடம் விட்டுவிடுவதே நல்லது. நான் ஒருமுறை வீரம் காட்டி ஒரு சக்கரத்தைத் தரையில் தொலைத்து, அம்மாவின் துடைப்பத்தோடு அரை நாள் தேடினேன்.

செல் விஷயத்தில் ஒரு வார்த்தை. 626 என்று கேட்டால் கடையில் இருவகை தருவார்கள். விட்டம் 6.8 மில்லிமீட்டர், கனம் 2.6, இரண்டும் ஒரே அளவுதான். எஸ்.ஆர். என்று தொடங்குவது சில்வர் ஆக்சைடு; எல்.ஆர். அல்லது ஏ.ஜி. என்று தொடங்குவது ஆல்கலைன். பின்னது மலிவு, ஆனால் அதன் மின்னழுத்தம் மெல்ல மெல்ல இறங்கிக் கொண்டே வரும், ஒழுகும் ஆபத்தும் அதிகம். முன்னது கடைசி வரை அழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும். கடிகாரம் இழுக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவில் இருப்பதால் அது இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். சில நல்ல மிஷின்களில் செல் தீரப் போகும்போது விநாடி முள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை இரண்டிரண்டு கோடாகத் தாவும். கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். செல் மாற்றச் சொல்கிறது. தீர்ந்த செல்லை மட்டும் உள்ளே விட்டு வைக்காதீர்கள். கட்டப் போவதில்லை என்றால் செல்லைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். எங்கள் வீட்டில் இந்த ஒரு சொல் தெரியாமல்தான் அத்தனையும் நடந்தது.

பாய் சொன்ன வாக்குக்கு இயற்பியலிலும் ஒரு சான்று கிடைத்தது. இசைக்கவை வடிவப் படிகத்தைச் சுமார் 25 டிகிரி செல்சியஸில் சரியாக ஓடும்படி அமைக்கிறார்கள். வெப்பம் அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் அதிர்வு குறையும். வரைபடம் போட்டால் கவிழ்ந்த பரவளையம். எவ்வளவு குறையும்? வெப்பநிலை வேறுபாட்டின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று வரும். சித்திரை மாதம் ஸ்ரீரங்கத்தில் ஓட்டு வீட்டுக்குள், தகரப் பெட்டியில், 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 15, வர்க்கம் 225, பெருக்கினால் 7.65. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. எனவே நாளுக்கு 0.66 விநாடி, மாதத்துக்கு ஏறத்தாழ 20 விநாடி பின்தங்கும். அதே கடிகாரத்தைக் கையில் கட்டியிருந்தால் உடம்பின் சூடும் வெளிக்காற்றும் சேர்ந்து 30 டிகிரியை ஒட்டி வைத்திருக்கும். அப்போது பிசகு மாதத்துக்கு 2 விநாடிதான். மனிதனின் மணிக்கட்டுதான் அந்தப் படிகத்துக்குப் பெட்டியை விடப் பாதுகாப்பான வீடு!

தாத்தா காலத்தில் பொன்மலை ரயில்வே பணிமனைச் சங்கையும், 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியின் மணி ஒலியையும் கேட்டுக் கடிகாரத்தைச் சரி செய்வார்களாம். இப்போது புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு காக்கும் இந்திய நேரத்தோடு ஒப்பிடலாம். நான் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இரவு என் கடிகாரங்களை வரிசையாக வைத்து, எது எத்தனை விநாடி முன்னே, பின்னே என்று நோட்டில் எழுதுகிறேன். என் சேகரிப்பு மொத்தம் பதினொன்று. அனைத்தும் ஓடுகின்றன, முறை வைத்து ஒவ்வொன்றையும் கட்டுகிறேன். ஓடாததைச் சேர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

அப்பாவின் கடிகாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டு தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி உடைந்து, ஸ்ட்ராப் இல்லாமல், சாவிக் கொத்துகளுக்கு நடுவே ஒரு கடிகாரம் கிடந்தது. மூடியில் இருந்த எண்ணைப் பார்த்தேன். அதே மிஷின்! வியாபாரி எண்பது ரூபாய் என்றார். பேரம் பேசாமல் கொடுத்தேன். பாய் அதிலிருந்து சர்க்யூட்டையும் காயிலையும் கழற்றி, செய்தித்தாளில் மடித்து வைத்திருந்த பழைய மிஷினில் பொருத்தினார். ஒழுகிய இடத்தை எலுமிச்சைச் சாறு தொட்ட குச்சியால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் கழுவியிருந்தார். செல்லை வைத்தார். இரண்டு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது விநாடியில் முள் நடந்தது. தேதிச் சக்கரம் மட்டும் இன்றுவரை நள்ளிரவுக்குப் பதில் காலை ஒன்பதரைக்கு மாறுகிறது. அதை நாங்கள் இருவரும் மன்னித்துவிட்டோம். மூடியை அழுத்துவதற்கு முன் பாய் அதன் உட்புறத்தில் ஊசியால் அன்றைய தேதியைக் கீறினார். அங்கே ஏற்கெனவே வேறொருவர் கீறிய ஒரு தேதி இருந்தது; அத்தை மகள் கல்யாணத்துக்கு முந்தைய நாள்.

"கட்டினாத்தாம்ப்பா ஓடும்" என்று பரவளையத்தை எல்லாம் வரைந்து காட்டி அப்பாவிடம் வாதாடினேன். கணக்கு அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கட்டிக்கொண்டார். இரவு ஒரு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போகும்போது கையில் இருக்கும். மூட்டை தூக்கும் நேரத்தில் மட்டும் சட்டைப் பைக்குப் போகும். மாதம் முதல் தேதி ஆனால், "எவ்வளவுடா கொறஞ்சிருக்கு?" என்று அவரே கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் வைக்கிறார். போன மாதம் நாலு விநாடி என்று சொன்னேன்.

"நாலு விநாடியா!" என்று அப்பா சிரித்தார். "ஒட்டன்சத்திரம் லாரி நேத்து நாலு மணி நேரம் லேட்டு."